சிங்கிள் லைனில நாலு நாள்: காங்கேசன்துறையிலயிருந்து தலைமன்னார் மட்டும்

நாள் 1: கொக்குவில், காங்கேசன்துறை

போன மாதம் சொந்தத்துக்க ஒரு கலியாண வீடு. சாப்பிட்டுக் கை கழுவிப்போட்டு ஆம்பிளையள் எல்லாரும் விறாந்தையில குந்தினாப்பிறகு வழமை போல கதை இந்தியாவுக்குப் பாலம் போடுறதில வந்து நிண்டுது. பாலம் மட்டும் வந்திட்டா பின்னேரம் இஞ்ச ஏறி அடுத்த நாள் எழும்பூரில இறங்கலாம் எண்டு ஒரு மச்சான் சொல்ல, இன்னொருத்தர் சிதம்பரம் எண்டார், வேற ஒருத்தர் வேலூர் ஆஸ்பத்திரி எண்டார், ஆளாளுக்கு ஒரு ஊர். சித்தப்பா மட்டும் வாய் திறக்கேல்ல. எல்லாரும் களைச்சுப்போய் நிண்ட நேரம் மெதுவாக் கேட்டார், "சரி தம்பியவை, பாலத்தால வாற கோச்சியை எங்க விடப்போறியள்?"

ஒருத்தருக்கும் விளங்கேல்ல. எனக்கும் அண்டைக்கு விளங்கேல்ல. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நாலு நாள் லீவு போட்டுட்டு சித்தப்பாவோட வெளிக்கிட்டிருக்கிறன், ஒவ்வொரு நாளும் இரவில எழுதிப் போடுறன், பிழை இருந்தா சொல்லுங்கோ.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லோணும். இப்ப 74 வயசு, இளைப்பாறின ஸ்ரேசன் மாஸ்ரர். இராமேஸ்வரத்துக் கப்பல் 1984-ல நிக்கிற மட்டும் தலைமன்னார் இறங்குதுறையில வேலை செய்தவர், அப்ப இளம் பெடியன். கொக்குவில் வீட்டில இப்பவும் பழைய கலண்டர் தாளுகளை எறிய விடமாட்டார். பின்பக்கம் வெள்ளை தானே, அதில பென்சிலாலயும் அடிமட்டத்தாலயும் கிராஃப் கீறுவார். இடமிருந்து வலம் நேரம், மேலயிருந்து கீழ ஸ்ரேசன் பேர், ஒவ்வொரு கோச்சிக்கும் ஒரு சரிவுக் கோடு. கொழும்புக்குப் போற கோச்சி ஒரு பக்கம் சரியும், அங்கயிருந்து வாற கோச்சி மற்றப் பக்கம் சரியும். ரெண்டு கோடும் எங்கயோ ஒரு இடத்தில வெட்டத்தான் வேணும். சின்ன வயசில எனக்குச் சொல்லித் தந்தது இது: "கோடு ரெண்டும் வெட்டுற இடம் ஸ்ரேசனா இருக்கோணும் தம்பி. நடுக்காட்டில வெட்டிச்செண்டா ஆக்கள் செத்துப்போவினம்." போறதுக்கும் வாறதுக்கும் ஒரே தண்டவாளம், அந்தச் சிங்கிள் லைன் எண்டா என்னெண்டு எனக்கு அண்டைக்கு விளங்கினது, அதுக்குப் பிறகு எத்தினையோ பேர் எவ்வளவோ சொல்லியும் அதைவிட வடிவா ஒருத்தரும் சொல்லேல்ல.

காலமை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிட்டு காங்கேசன்துறைக்குப் போனம். தண்டவாளம் முடியிற இடம் அது. 1990-ல வடக்குக்குக் கோச்சி நிண்டு, தண்டவாளத்தையே கிளப்பி பங்கருக்குப் போட்ட காலமெல்லாம் போய், கிளிநொச்சி 2013 செப்ரெம்பர், பளை 2014 மார்ச், யாழ்ப்பாணம் 2014 ஒக்ரோபர் 13, காங்கேசன்துறை 2015 ஜனவரி 2 எண்டு துண்டு துண்டாத்தான் திரும்பி வந்தது. அந்தத் தேதியள் எனக்கு மனப்பாடம், யாழ்ப்பாணத்துக்கு வந்த அண்டைக்கு ஸ்ரேசனில நிண்ட சனத்துக்குள்ள நானும் ஒருத்தன், ஹோர்ன் சத்தம் கேட்டு பக்கத்தில நிண்ட வயசான அம்மா ஒராள் ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

துறைமுகப் பக்கம் போனா நாகபட்டினத்துக் கப்பல் வந்த நேரம். 2023 ஒக்ரோபர் 14 அண்டு 'செரியாபாணி' எண்ட கப்பலோட துவங்கி, மழைக்காலம் எண்டு கெதியாவே நிண்டு, பிறகு 2024 ஓகஸ்ட் 16-ல 'சிவகங்கை' எண்ட கப்பலோட திரும்பத் துவங்கினது. 150 பேர் அளவில ஏறலாம், கடல் சரியா இருந்தா நாலு மணித்தியாலம். வெளிய வந்த ஒரு அக்கா மானிப்பாய் ஆள், ரெண்டு பெரிய பை, ஒரு குட்டிப் பெட்டி. திருவாரூரில தங்கச்சியாரின்ர வீட்டுக்குப் போட்டு வாறாவாம். அங்க ரெயினில நாகபட்டினம் வந்து, ஓட்டோ பிடிச்சு, வரிசையில நிண்டு, கப்பல் ஏறி, இஞ்ச இறங்கித் திரும்ப வரிசையில நிண்டு, இப்ப மானிப்பாய்க்கு எப்பிடிப் போறதெண்டு நிக்கிறா. நான் கோச்சியைக் கேட்டன். "அது எப்பவோ போட்டுதாம் தம்பி" எண்டா. அந்தக் கரையில தண்டவாளம் இருக்கு, இந்தக் கரையிலயும் இருக்கு, நடுவில கப்பல் இருக்கு, ஆனா மூண்டும் ஒண்டையொண்டு பாத்து நேரம் வைக்கேல்ல. சித்தப்பா கலண்டர் தாளில ஓரமா ஒரு சின்ன வட்டம் போட்டு 'கப்பல்' எண்டு எழுதினார். அந்த வட்டத்தில ஒரு கோடும் வந்து முட்டேல்ல.

நாள் 2: யாழ்ப்பாணம் – மதவாச்சி

வரைபடத்தைப் பாத்தா யாழ்ப்பாணமும் தலைமன்னாரும் பக்கத்துப் பக்கத்தில. பூநகரி றோட்டால பஸ்ஸில போனா மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான். கோச்சியில போறதெண்டா தெற்க மதவாச்சி மட்டும் இறங்கி, அங்க மாறி, திரும்ப வடமேற்க 106 கிலோமீற்றர் ஏறோணும். ஆங்கில வி எழுத்து மாதிரி ரெண்டு கை, முட்டி மதவாச்சியில. நாங்கள் வேணுமெண்டுதான் கோச்சியில போறம், இந்த லைனில எவ்வளவு இடம் இருக்கெண்டு கண்ணால பாக்கிறதுதான் வேலையே.

நாவற்குழி தாண்டி, பளை தாண்டி, ஆனையிறவில ரெண்டு பக்கமும் வெளிச்ச வெட்டை. சித்தப்பா யன்னலோர சீற், மடியில கலண்டர் தாள், ஒவ்வொரு ஸ்ரேசனுக்கும் நேரம் எழுதுறார். கிளிநொச்சி, முறிகண்டி எல்லாம் நேரத்துக்கு. மாங்குளத்தில நிண்டம். நிண்டம், நிண்டுகொண்டே இருந்தம். எதிர வாற கோச்சி பிந்திப்போச்சாம், அது வந்து மற்ற லைனுக்க ஏறினாத்தான் எங்களுக்குப் பச்சை விழும். எங்கட கோச்சியில ஒரு பிழையும் இல்லை, நேரத்துக்குத்தான் வந்தது, ஆனாலும் 17 நிமிசம் போச்சு. அங்கால எங்களுக்காக எங்கயோ ஒரு ஸ்ரேசனில காத்துக்கொண்டு நிக்கிற இன்னொரு கோச்சியும் இப்ப 17 நிமிசம் பிந்தும். காய்ச்சல் மாதிரித் தொத்தும் எண்டு சித்தப்பா சொல்லுறவர், அதை இண்டைக்குக் கண்ணால பாத்தன்.

அந்த 17 நிமிசத்திலதான் கணக்கு நடந்தது. இந்தியாவில 'ஸ்கொட் போர்முலா' எண்டு ஒண்டு இருக்கு, சிங்கிள் லைனில ஒரு நாளைக்கு எத்தினை கோச்சி விடலாம் எண்டு பாக்கிறதுக்கு. ஒரு நாளில 1440 நிமிசம். ரெண்டு ஸ்ரேசனுக்கு நடுவில மெதுவா ஓடுற கோச்சிக்கு எவ்வளவு நேரம் எண்டு பாத்து, அதோட சிக்னல் மாத்திற வேலைக்கு ஒரு 5 நிமிசத்தைக் கூட்டி, 1440-ஐ அதால பிரிக்கோணும். வாறதில 70 வீதம்தான் உண்மையில பாவிக்கலாம், மிச்சம் பராமரிப்புக்கும் பிந்தலுக்கும் போயிடும். உதாரணத்துக்கு நடுவில 20 நிமிச ஓட்டம் எண்டு வையுங்கோ. 25-ஆல பிரிச்சா 57 சொச்சம், அதில 70 வீதம் 40. போறதும் வாறதும் சேத்துத்தான் 40. இப்ப அந்த ரெண்டு ஸ்ரேசனுக்கும் சரி நடுவில ஒரு லூப் போட்டு, கோச்சி விலத்த இடம் விட்டா ஓட்டம் 10 நிமிசம், 15-ஆல பிரிச்சா 96, அதில 70 வீதம் 67. முழுப் பாதைக்கும் ரெண்டாவது தண்டவாளம் போடாமல், ஒரு லூப்பால 40 போய் 67.

ஆனா ஒரு விசயம் இருக்கு. எல்லா இடத்திலயும் 10 நிமிசமா இருந்து, ஒரே ஒரு இடத்தில மட்டும் 20 நிமிசம் இருந்தா முழு லைனுக்கும் கணக்கு 40 தான். பத்துப் போத்தல் கழுத்தில ஒண்டு ஒடுங்கலா இருந்தா தண்ணி அந்த ஒடுங்கலின்ர அளவுக்குத்தான் வரும். "எங்க ஆகக் கூட நேரம் எடுக்குதோ அந்த இடம்தான் எசமான்" எண்டார் சித்தப்பா.

அவற்ர காலத்தில சிக்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பி விடேலாது, ரபிளெற் வேணும். வட்டமா ஒரு உலோகத் தகடு, தோல் பையில போட்டு வளையத்தில கொழுவியிருக்கும், ட்றைவரின்ர கையில அது இருந்தாத்தான் அந்தத் துண்டுக்குள்ள போகலாம், ஒரு துண்டுக்கு ஒரு நேரத்தில ஒரு தகடுதான் பெட்டியால வெளிய வரும். ஓடுற கோச்சிக்கு வளையத்தைத் தூக்கிப் பிடிச்சு நிண்டு குடுத்து வலது தோள்மூட்டு இப்பவும் குளிருக்கு உளையும் எண்டு சட்டையை விலத்திக் காட்டினார். இப்ப இந்தப் பக்கம் கலர் லைற், தண்டவாளம் திரும்பப் போட்ட நேரம் இந்திய நிறுவனம் இர்கோன் தான் சிக்னல் வேலையும் செய்தது.

ஓமந்தைக்குத் தெற்க பாதை இன்னும் நல்லா இருக்கு, ஆட்டமே இல்லை. மாகோ – ஓமந்தை 128 கிலோமீற்றர், இந்தியக் கடனில 91.27 மில்லியன் டொலருக்குத் திருத்தினது. அதுக்காக 2023-லயும் 2024-லயும் மாதக்கணக்கில கோச்சி நிண்டு நாங்கள் பஸ்ஸில இடிபட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மாகோ – அனுராதபுரம் சிக்னலுக்கு வேறயா 14.89 மில்லியன். இந்தியப் பிரதமர் மோடி இஞ்ச வந்து அந்தப் பாதையைத் திறந்தது 2025 ஏப்ரல் 6. அதே நாள், அதே பிரதமர், அனுராதபுரத்திலயிருந்து இராமேஸ்வரம் பக்கம் போய் புதுப் பாம்பன் பாலத்தையும் திறந்தவர். ஒரே நாளில கடலுக்கு ரெண்டு கரையிலயும் ரெண்டு பாதை திறபட்டுது. நடுவில கிடக்கிற கடல் அப்பிடியே கிடக்குது.

மதவாச்சியில தலைமன்னார் கோச்சிக்குக் கன நேரம் காத்திருக்க வேண்டி வந்தது. பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு சுவிசில பாசலில இருக்கிற மச்சாளுக்கு வீடியோ கோல் எடுத்தன், அவவின்ர மனுசன் அங்க சரக்குக் கொம்பனி ஒண்டில வேலை. நாங்கள் என்ன செய்யிறம் எண்டு சொன்னதும் அவர் சிரிக்கேல்ல, உடன தங்கட கதையைத் துவங்கிட்டார். சுவிஸ்காரர் அல்ப்ஸ் மலைக்குக் கீழால 57 கிலோமீற்றர் கொட்ஹார்ட் சுரங்கம் வெட்டி 2016-ல திறந்தினம், உலகத்தில ஆக நீளமான ரயில் சுரங்கம் அதுதான். ஆனா அதுக்கு வடக்குப் பக்கத்தில சரக்கு வந்து சேரவேண்டிய கார்ல்ஸ்ரூஹ – பாசல் பாதையை ஜேர்மன்காரர் நாலு தண்டவாளமாக்கிறம் எண்டு 1996-ல ஒப்பந்தம் போட்டும் இன்னும் முடிக்கேல்ல. 2017 ஓகஸ்ட் 12-ல ரஷ்டாட் எண்ட ஊரில, ஓடுற பாதைக்குக் கீழ சுரங்கம் வெட்டேக்க மேல இருந்த தண்டவாளம் தாண்டுபோச்சு. ஒக்ரோபர் 2 மட்டும், ஏழு கிழமை, வட கடல் துறைமுகங்களையும் இத்தாலியையும் இணைக்கிற பாதை அடைபட்டுது. பக்கத்தில பிரான்சுக்குள்ளால தண்டவாளம் இருக்கு. ஆனா அந்தப் பாதை தெரிஞ்ச, பிரெஞ்சு கதைக்கிற ட்றைவர்மார் காணாது. "தண்டவாளம் இருந்தது மாமா, பாஷைதான் இல்லை" எண்டு அவர் போனில சொல்ல, சித்தப்பா போனை என்ர கையால வாங்கித் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அதுக்குப் பிறகுதான் ஐரோப்பியப் பாதைக்காரர் எல்லாரும் கூடியிருந்து, இப்பிடி ஒண்டு திரும்ப நடந்தா ஆர் ஆருக்குச் சொல்லுறது, எந்தப் பாதையால திருப்புறது எண்டு ஒரு கையேடு போட்டவையாம்.

ராத்திரி மன்னாரில சித்தியின்ர சொந்தக்கார வீட்டில தங்கல். பாரை மீன் குழம்பு.

நாள் 3: தலைமன்னார் இறங்குதுறை

விடியவே எழும்பிட்டார். குளிச்சு, திருநீறு பூசி, அயன் பண்ணின வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு நிக்கிறார், வேலைக்குப் போற மாதிரி. நான் ஒண்டும் கேக்கேல்ல.

மன்னாரிலயிருந்து பேசாலை தாண்டித் தலைமன்னார், ரெண்டு பக்கமும் பனை, உடை மரம், மணல். இந்தப் பாதையும் 1990-ல போனதுதான், மடு றோட் மட்டும் 2013-லயும் தலைமன்னார் இறங்குதுறை மட்டும் 2015 மார்ச் 14-லயும் திரும்பி வந்தது. ஸ்ரேசனில இறங்கினா காத்தில உப்பு. அங்கால கடலுக்குள்ள பழைய இறங்குதுறை, பலகை போய், தூண்கள் துருப்பிடிச்சு நிக்குது, மேல நீர்க்காகம் செட்டையை விரிச்சுக் காய வைக்குது. வெளிச்ச வீடு பக்கத்தில.

1914 மார்ச்சில துவங்கினது இந்தப் பாதை. எழும்பூரில ஒரு ரிக்கெற் எடுத்தா போதும், கொழும்புக் கோட்டை மட்டும் செல்லும், ரெயின், கப்பல், திரும்ப ரெயின் எல்லாத்துக்கும் அந்த ஒரு ரிக்கெற். போட் மெயில் எண்டு பேர். தனுஷ்கோடியில இறங்கி, இர்வின், கோஷன் எண்ட கப்பலுகளில ஏறி, 30 சொச்சம் கிலோமீற்றர் கடல் தாண்டி, இந்த இறங்குதுறையில இறங்கி நேர கோச்சிக்க ஏறலாம். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியையும், பாம்பனிலயிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் கோச்சியையும், அதில இருந்த நூறுக்கு மேற்பட்ட ஆக்களையும் கொண்டுபோச்சு. அதுக்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலயிருந்து வந்தது, சித்தப்பாவுக்குத் தெரிஞ்சது அந்தக் கப்பல்தான், 'இராமானுஜம்'.

"அந்த நாளையில ஏன் சித்தப்பா கோச்சியையே கப்பலில ஏத்தேல்ல?" எண்டு கேட்டன். குனிஞ்சு ரெண்டு கையையும் விரிச்சுத் தண்டவாளத்துக்கு மேல பிடிச்சுக் காட்டினார். எங்கட பாதை அஞ்சரை அடி, 1676 மில்லிமீற்றர். அந்தக் கரையில அண்டைக்கு மீற்றர் கேஜ், ஒரே ஒரு மீற்றர் அகலம். எங்கட சில்லு அங்க ஓடாது, அவையின்ர சில்லு இஞ்ச ஓடாது. இப்ப? இராமேஸ்வரம் பாதையை 2007-ல அகலமாக்கியாச்சு, அதுவும் 1676. கப்பல் ஓடின 70 வருசமும் பாதை பொருந்தேல்ல, பாதை பொருந்தின நேரம் கப்பல் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு ஓடுற ஏசி கோச்சி சென்னை பெரம்பூரில இருக்கிற ஐசிஎஃப் எண்ட ரெயில் பெட்டித் தொழிற்சாலையில செய்தது, அந்தச் சில்லு இந்தத் தண்டவாளத்துக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தும், ஆனா அது இலங்கைக்கு வந்தது கப்பலில கொழும்புத் துறைமுகத்துக்கு. இதை எழுதேக்க எனக்கு நெஞ்சு அடைக்குது, அவ்வளவு கிட்ட இருக்கு.

சித்தப்பா என்னைவிட நிதானம். இந்தியப் பக்கம் இராமேஸ்வரத்துக்கு வாற கோச்சியளில 22 பெட்டி கோத்து விடுவினம். ஒரு பெட்டி 22 மீற்றருக்கு மேல, எஞ்சினோட சேத்தா 500 மீற்றர் தாண்டும். அந்த நீளம் கொள்ளுற லூப் இருந்தாத்தான் எதிர வாற கோச்சி விலத்தலாம், இல்லாட்டி வால் வெளிய நீட்டிக்கொண்டு மெயின் லைனை அடைக்கும். தண்டவாளத்தில சிலிப்பர் கட்டைக்குக் கட்டை 60 சென்ரிமீற்றர், அப்ப 850 கட்டைக்கு இடம் வேணும். சொல்லிப்போட்டு பிளாட்போமில நிண்டபடியே எண்ணத் துவங்கினார். உதடு அசையுது, விரல் மடியுது, நூறுக்கு ஒருக்கா பென்சிலால ஒரு கீறு. வெயில் ஏறுது, நான் குடை பிடிச்சுக்கொண்டு பின்னால போறன். நாலாவது கீறு போட்டு கொஞ்சம் போனாப்போல கோச்சிக்கு மணி அடிச்சுது, எண்ணிக்கை குழம்பிப்போச்சு. "விடு தம்பி, பிறகு பாப்பம்" எண்டவர், முகம் வாடித்தான் இருந்தது.

புதுப் பாம்பன் பாலத்தில எனக்குப் பிடிச்ச விசயமும் இதுதான். 2.07 கிலோமீற்றர் நீளம், நடுவில 72.5 மீற்றர் துண்டு லிஃப்ற் மாதிரி நேர மேல 17 மீற்றர் எழும்பி கப்பலுக்கு வழி விடும், அதைத்தான் எல்லாரும் படம் எடுத்துப் போடுகினம். ஆனா கீழ அத்திவாரமும் தூண்களும் ரெண்டு தண்டவாளத்துக்குக் கட்டியிருக்கினம், இப்ப போட்டிருக்கிறது ஒண்டுதான். பிறகு தேவைப்படும் எண்டு தெரிஞ்சு இடம் விட்டிருக்கினம். கலியாண வீட்டில சித்தப்பா கேட்ட கேள்விக்கு அந்தக் கரையில ஒரு பாதிப் பதில் இருக்கு. இந்தக் கரையில நாங்கள் என்ன இடம் விட்டிருக்கிறம்?

மத்தியானம் ஒரு தேத்தண்ணிக் கடையில இருந்து சோதனை வரிசையைப் பற்றிக் கதைச்சம். சித்தப்பா சொன்னார், அந்தக் காலத்தில கப்பல் வந்து சேந்தாலும் கோச்சி உடன வெளிக்கிடாது, கடைசி ஆள் பாஸ்போட்டில சீல் வாங்கி, பெட்டி திறந்து காட்டி, ஏறி இருக்கோணும். ஒரு பை பிந்தினா முழுக் கோச்சியும் பிந்தும், அந்தக் கோச்சி பிந்தினா மதவாச்சியில எல்லாமே குழம்பும். இதுக்கு ஒரு வழி நடந்து காட்டியிருக்கு. கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் 'மைத்ரீ' எக்ஸ்பிரஸ் 2008 ஏப்ரல் 14-ல ஓடத் துவங்கேக்க, எல்லையில கெதே எண்ட ஸ்ரேசனில ஒருக்கா, அங்கால தர்ஷனாவில இன்னொருக்கா, பிள்ளை குட்டி, மூட்டை முடிச்சோட எல்லாரும் இறங்கி வரிசையில நிக்கோணும். 2017 நவம்பரில அந்த மேசையளைத் தூக்கிக் கொண்டுபோய் கொல்கத்தாவிலயும் டாக்காவிலயும் வைச்சினம், ஏறுற இடத்தில ஒருக்கா, இறங்கிற இடத்தில ஒருக்கா. நடுவில இறங்கத் தேவையில்லை. பயண நேரத்தில மணித்தியாலக் கணக்கில குறைஞ்சுது, அதுக்கு ஒரு அடி தண்டவாளமும் புதுசாப் போடேல்ல. பிறகு 2024 ஜூலையில பங்களாதேஷ் கலவரத்தோட அந்த ரெயின் நிண்டது வேற கதை, அரசியல் குழம்பினா எந்தப் பாதையும் நிக்கும், எங்களுக்கு அதை ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ரஷ்டாட்டில ஏழு கிழமை பாஷை இல்லாமல் நிண்டிச்சினம். இஞ்ச ரெண்டு கரையிலயும் தமிழ். சித்தப்பா கப்பல்காரரோட சரளமாத் தமிழில கதைச்சு வேலை பாத்தவர், சாமான் எத்தினை, ஆக்கள் எத்தினை, பிந்துமோ பிந்தாதோ எல்லாம் தமிழில. அந்த வசதியை வைச்சுக்கொண்டு ஒரு பொது நேர அட்டவணை போட ஏலாதெண்டு நான் நம்பமாட்டன்.

திரும்பேக்க சித்தப்பா இறங்குதுறைப் பக்கம் ஒருக்கா நிண்டு பாத்தார். நான் படம் எடுக்கட்டோ எண்டு கேட்டன், வேண்டாம் எண்டிட்டார்.

நாள் 4: மன்னார் – பூநகரி – யாழ்ப்பாணம்

வரேக்க பஸ். சித்தப்பாவுக்கு முழங்கால் ஏலாமப் போச்சு, திரும்ப மதவாச்சி போய்ச் சுத்திவர விருப்பமில்லை. பூநகரி றோட் நல்ல றோட், சங்குப்பிட்டிப் பாலத்தில ஏறினா ரெண்டு பக்கமும் கடல், பத்து மணிக்கு முதல் வீட்ட வந்திட்டம். கோச்சியில ஒரு நாள் போனது, பஸ்ஸில ஒரு காலமைப் பொழுது. மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நேர இணைக்கிற தண்டவாளம் பற்றி ஆரும் கதைச்சா எனக்கு இனிமேல் பகிடியாத் தெரியாது.

சித்தி சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் தந்தா, சாப்பிட்ட கையோட சித்தப்பா மேசையில புதுக் கலண்டர் தாள் ஒண்டை விரிச்சார். நான் பக்கத்தில இருந்து பென்சில் சீவிக் குடுத்தன். முதல் காங்கேசன்துறை. நாகபட்டினக் கப்பல் வந்து, ஆக்கள் சோதனை முடிஞ்சு வெளிய வர எடுக்கிற நேரம் எண்டு நாங்கள் முதல் நாள் பாத்ததை வைச்சு, அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம் விட்டு ஒரு கோடு யாழ்ப்பாணத்துக்கு இறக்கினார். அந்தக் கோடு வந்ததால பழைய கோடு ஒண்டை 20 நிமிசம் தள்ள வேண்டி வந்தது, தள்ளினா அது கிளிநொச்சிக்குத் தெற்க நடுக் காட்டில இன்னொண்டை வெட்டுது. அழிறப்பரால அழிச்சார். திரும்பக் கீறினார். திரும்ப வெட்டுது, இப்ப புளியங்குளத்துக்குக் கிட்ட. மூண்டாம் தரம் பென்சிலைக் கீழ வைச்சிட்டு என்னைப் பாத்தார். "விளங்குதோ? ஒரு கப்பலுக்கு, 150 பேருக்கு, ஒரே ஒரு கோச்சி. அதுக்கே இவ்வளவு பாடு."

எனக்கு அந்த இடத்தில கலியாண வீட்டுக் கேள்வி முழுசா விளங்கிச்சு. பாலம் வேண்டாம் எண்டு அவர் சொல்லேல்ல, அவரைவிட அதை விரும்பிற ஆள் இந்த ஊரில இல்லை. ஆனா அந்தக் கோச்சி வந்து நிக்க எங்களிட்ட இடம் இல்லாட்டி, தலைமன்னாரில பத்து நாளைக்கு வேடிக்கை பாத்திட்டு விட்டிடுவம். எங்க ஓட்டம் நீளமோ அங்க லூப் போடுறது, இருக்கிற லூப்பை நீட்டுறது, கேற் இல்லாத கடவையளுக்கு கேற் போட்டு வேகத்தை ஒரே சீரா வைக்கிறது, மாடு பாயிற இடங்களில வேலி அடிக்கிறது, கப்பல் நேரமும் கோச்சி நேரமும் ஒரே தாளில எழுதுறது, ஒரு ரிக்கெற், யாழ்ப்பாணத்திலயே பாஸ்போட் மேசை. இதில கனக்க வேலைக்கு டெல்லிக்கும் கொழும்புக்கும் நடுவில பெரிய ஒப்பந்தம் தேவையில்லை, பாதிக்கு மேல எங்கட பக்கத்து வேலை. நாளைக்கே துவங்கலாம். அதைச் செய்து வைச்சா, பாலம் வந்தாலும் வராட்டிலும் மானிப்பாய் அக்கா கோச்சியில வீட்ட போவா.

இப்ப இரவு ஒன்பதரை. சித்தி லைற்றை நிப்பாட்டச் சொல்லி ரெண்டு தரம் சொல்லியாச்சு, சித்தப்பா கேக்கிற மாதிரி இல்லை. நாலாவது தாள். அவருக்கு ரெண்டு விசயம் குறையுதாம், வாசிக்கிற ஆரும் உதவி செய்தா நல்லது. ஒண்டு, இரவு மெயிலில போறவை ஆரும் இருந்தா உங்கட கோச்சி எந்த ஸ்ரேசனில விலத்த நிண்டது, எத்தினை மணிக்கு, எத்தினை நிமிசம் எண்டு குறிச்சு அனுப்புங்கோ, ஒரு நாள் காணாது, ஒரு கிழமை வேணுமாம். மற்றது, தலைமன்னார் இறங்குதுறை ஸ்ரேசனுக்குக் கிட்ட இருக்கிற ஆராவது, தண்டவாளத்தில இறங்காமல் பிளாட்போமில நிண்டு, லூப்பில சிலிப்பர் கட்டையை முதலிலயிருந்து எண்ணிச் சொல்லுங்கோ. அவர் நானூறு தாண்டி விட்டிட்டார், எங்க விட்டதெண்டு ஞாபகமில்லையாம்.